உப்பு அருகில், மின்சாரம் தொலைவில்

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் கதை பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் தொடங்கும். சிலர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தில் தொடங்குவார்கள். 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த அவருடைய கணக்கில் காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் என்று மூன்று ஆலைகளை வரவு வைப்பது தமிழர் அரசியற் பேச்சில் வழக்கம். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன காலத்தில் அரசாங்கத்தில் அமர்ந்திருந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு அவருடைய ஆதரவாளர்கள் கொடுக்கும் பதிலும் இந்த ஆலைகள்தான். வேறு சிலர் 1985இல் தொடங்குவார்கள்: போர் நெருங்கியது, ஆலை நின்றது, கட்டடங்கள் சிதைந்தன. இரண்டும் நடந்தவைதான். ஆனால் முதற்கதையில் ஆலை ஒரு பரிசுப் பொருள், இரண்டாவது கதையில் ஒரு பலிப் பொருள். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் மின்பகுப்புக் கலங்களுக்குள் என்ன நடந்தது என்று இரண்டு கதையும் கேட்பதில்லை. உள்ளே நடந்தது ஒரு வேதியியல் மாற்றம்: சில பிணைப்புகள் அறுந்தன, சில பிணைப்புகள் உண்டாயின. பரந்தனின் தலைவிதியை அமைச்சரும் போரும் எழுதியதில் ஐயமில்லை. அவர்களுக்கு முன்பே அந்தப் பிணைப்புகளின் கணக்கும் ஒரு பங்கை எழுதிவிட்டது என்பதே என் வாதம். அந்தக் கணக்கை விட்டுவிட்டு ஆலையை மறுபடி திறப்பதைப் பற்றிப் பேசினால் பேச்சு பேச்சாகவே நிற்கும்.

இடத்தைத் தெரிவு செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. பரந்தன் கிளிநொச்சிக்கு வடக்கே, ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி. யாழ்ப்பாணத்துக்குப் போகும் புகையிரதப் பாதையும் அவ்வழியே செல்கிறது. இன்னும் பத்துக் கிலோமீற்றர் அளவு வடக்கே போனால் ஆனையிறவு. கடல்நீரேரியின் கரையில் உப்பளம். சோளகம் வீசும் வரண்ட மாதங்களில் பாத்திகளில் விட்ட உவர்நீர் வற்றி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அதற்கு முன்பே கல்சியம் சேர்ந்த படிவு கீழே இறங்கிவிடும்; மக்னீசியம் சேர்ந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்துவிட வேண்டும். மாரி தொடங்கினால் வேலை முடிந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் உப்பைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்த நாட்டில், அதை உண்பதற்கும் கருவாடு போடுவதற்கும் மேலாக ஒரு கைத்தொழிலின் மூலப்பொருளாகக் கண்டது சுதந்திரத்துக்குப் பிந்திய புதிய பார்வை. சுண்ணக்கல் இருந்த இடத்தில் சீமெந்து, வைக்கோல் கிடைத்த இடத்தில் காகிதம், உப்பு விளைந்த இடத்தில் எரிசோடா. வாக்குக்காக ஆலைகளைத் தமிழ்ப் பகுதிகளுக்கு இழுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒழுங்கே பதில். ஆனால் அதே ஒழுங்குக்குள் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. சீமெந்துக்குச் சுண்ணக்கல் எவ்வளவு முக்கியமோ எரிசோடாவுக்கு உப்பு அவ்வளவு முக்கியமன்று. (இதே ஆண்டுகளில், 1954இல், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரும் திட்டத்தை வைத்தார். ஒரே நீரேரியைப் பார்த்து ஒருவர் உப்புக் கணக்கும் மற்றவர் நன்னீர்க் கணக்கும் போட்ட காலம் அது.)

ஏன் முக்கியமன்று என்பதைக் காணக் கலத்துக்குள் இறங்க வேண்டும். உப்பைச் சோடியமாகவும் குளோரினாகவும் பிளக்க மின்சாரம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பிளவு மின்சாரம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. உப்புப் பளிங்கில் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. ஒரு மூல் உப்பின் அயன்களை முற்றாகப் பிரித்தெடுக்க 787 கிலோயூல் தேவை, சிறிய அளவன்று. ஆனால் தண்ணீரில் போட்டதும் நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனையும் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அந்தப் புதிய பிடிப்பில் வெளிவரும் சக்தி செலவானதை ஏறத்தாழ முழுவதும் ஈடுசெய்கிறது. மிஞ்சும் பற்றாக்குறை மூலுக்கு 4 கிலோயூல் அளவுதான். அதனால்தான் உப்புக் கரையும்போது பாத்திரம் சற்றே குளிர்வதோடு சரி. பிறகு கலத்தில் மின்சாரத்துக்கு என்ன வேலை? நேர்முனையில் குளோரைட்டு அயனிடமிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்குவது. குளோரைட்டு அதை இலேசில் விடாது. இலத்திரன் பிடுங்கப்பட்ட இரண்டு குளோரின் அணுக்கள் சேர்ந்து ஒரு பிணைப்பை ஆக்கிப் பச்சை மஞ்சள் வாயுவாக மேலே வருகின்றன. எதிர்முனையில் அறுவது நீரின் பிணைப்பு: ஒட்சிசனை விட்டுப் பிரிந்த ஐதரசன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியிடுகின்றன, ஐதரொக்சைட்டு அயன் நீரிலே தங்குகிறது. சோடியம் அயனாகவே உள்ளே வந்து அயனாகவே வெளியே போகிறது. அது செய்ததெல்லாம் குளோரைட்டின் துணையை விட்டு ஐதரொக்சைட்டின் துணைக்குப் போனது மட்டுமே. அந்தக் கரைசலைச் செறிவாக்கினால் எரிசோடா.

சாதாரணக் கலத்தில் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியில் நுண்துளைத் தடுப்பை வைத்தார்கள். அதே காலத்தில் காஸ்ற்னரும் கெல்னரும் இரசத்தையே எதிர்முனையாக்கி, அதற்குள் சோடியத்தை உலோகமாக ஏற்றி, வேறொரு தொட்டிக்குக் கொண்டுபோய் நீரோடு சேர்த்தார்கள். 1970களில் ஜப்பானியர் அயன்களைத் தெரிந்தெடுத்து உள்ளே விடும் மென்சவ்வுக் கலத்தைப் பெருந்தொழிலாக்கினார்கள். மூன்று வழிகளும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை: பிரித்தவை மறுபடி சேர்ந்துவிடக் கூடாது. தடுப்பில்லாவிட்டால் குளோரின் எரிசோடாவோடு சேர்ந்து வெளிற்றும் கரைசலாகிவிடும். குளோரினும் ஐதரசனும் கலந்துவிட்டால் நிலைமை அதைவிட மோசம். இந்தத் தொழிலில் அறுப்பதைவிட, அறுத்ததைச் சேரவிடாமல் காப்பதே பெரிய கைத்திறன். ஒரு கலவறையில் நிற்கும் ஆட்களின் கவனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: எந்தக் குழாயில் எந்த வாயு, எவ்வளவு தூய்மை, எங்கே கசிவு.

குளோரினும் ஐதரசனும் சேரும் அந்தச் சேர்க்கையை வேண்டுமென்றே அளவோடு செய்தால் அதுவும் ஒரு பண்டம். பரந்தனின் உற்பத்திகளில் ஐதரோகுளோரிக் அமிலமும் ஒன்று. அதை ஆக்கும் நேர்வழி குளோரினில் ஐதரசனை எரித்து, வரும் வாயுவை நீரில் கரைப்பது. பிணைப்பு அறுந்தால் சக்தி வெளிவரும் என்று பாடசாலையை விட்ட பிறகும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பிணைப்பை அறுப்பதற்கும் செலவுதான். வரவு புதிய பிணைப்பு உண்டாகும்போதே வரும். ஐதரசனின் பிணைப்பை அறுக்க மூலுக்கு 436 கிலோயூல், குளோரினின் பிணைப்பை அறுக்க 242, ஆகச் செலவு 678. புதிதாக உண்டாகும் இரண்டு ஐதரசன்–குளோரின் பிணைப்புகள் தருவது 862. மிஞ்சும் 184 கிலோயூல்தான் அந்தச் சுவாலையின் வெப்பம். இவ்வளவு இலாபம் காத்திருந்தாலும் இருட்டில் இரண்டு வாயுவும் சும்மா கலந்து நிற்கும், ஏனென்றால் முதற்செலவுக்குக் கையில் எதுவும் இல்லை. வெயில் பட்டால் போதும்: நீல ஒளியின் ஒரு துணிக்கைக்குக் குளோரினின் அந்த மெலிந்த பிணைப்பை அறுக்கும் வலு உண்டு. ஓர் அணு விடுபட்டால் அது ஓர் ஐதரசனைத் தாக்கும், அதிலிருந்து விடுபட்டது அடுத்த குளோரினைத் தாக்கும். சங்கிலித் தாக்கம் என்ற கருத்தையே 1913இல் பொடன்ஸ்ரைனும் 1918இல் நேர்ன்ஸ்ற்றும் இந்தக் கலவையைப் பார்த்துத்தான் வளர்த்தெடுத்தார்கள். வன்னி வெயிலில் இந்த இரண்டு வாயுக்களையும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடவிட்ட தொழிலாளர்களை நாம் நினைப்பதே இல்லை.

இனிக் கணக்கு. 117 பங்கு உப்பும் 36 பங்கு நீரும் போனால் 71 பங்கு குளோரின், 80 பங்கு எரிசோடா, 2 பங்கு ஐதரசன் வரும். ஒரு தொன் குளோரினுக்கு ஒன்றேமுக்கால் தொன்னுக்குச் சற்றுக் குறைவான உப்புப் போதும். கூடவே ஏறத்தாழ 1.13 தொன் எரிசோடா கிடைக்கும். எத்தனை இலத்திரன்களைப் பிடுங்க வேண்டும் என்பதைப் பரடேயின் விதி 1830களிலேயே கட்டிப்போட்டுவிட்டது: ஒரு தொன் குளோரினுக்கு 7,56,000 அம்பியர் மணி. எந்தப் பொறியியலாளராலும் அதில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. அவர் குறைக்கக்கூடியது மின்னழுத்தத்தை மட்டுமே. அதற்கும் இயற்கை 2.2 வோல்ற் அளவில் ஒரு தரை போட்டிருக்கிறது. உண்மையான கலங்கள் மூன்றுக்கும் நான்கரைக்கும் இடையில் ஓடுகின்றன. பெருக்கிப் பார்த்தால், மிகச் சிறந்த கலம்கூடத் தொன்னுக்கு 1,600 கிலோவோற்று மணிக்குக் கீழே இறங்காது. பழைய கலங்கள் 3,000ஐத் தாண்டும். உப்பின் விலை ஆலையின் செலவுப் பட்டியலில் கீழ் வரிசையில் நிற்கும். ஏற்றி இறக்கக்கூடிய, மூடையில் கட்டக்கூடிய, ஆண்டுக்கணக்கில் கெடாத பொருள் அது. மின்சாரத்தை அந்தக் காலத்தில் எளிதில் சேமிக்க முடியாது, தூரம் கூடக்கூடக் கம்பியில் தேயும். ஆக, எரிசோடா ஆலை உண்மையில் உப்பை வாங்கவில்லை. மின்சாரத்தை வாங்கிப் பிணைப்புகளாக மாற்றி விற்கிறது.

அந்த மின்சாரம் வன்னியில் விளைவதில்லை. விமலசுரேந்திரா 1918இல் எழுதிக் காட்டிய மலைநாட்டு நீர்மின் திட்டம் 1950இல்தான் இலக்சபானவில் 25 மெகாவோற்றோடு ஒளிர்ந்தது. அருவிகளெல்லாம் நடு மலைநாட்டில். பரந்தன் கைவிரித்தாற்போல் கிடக்கும் சமதரை. அங்கே வரும் ஒவ்வோர் அலகும் நெடுந்தூரக் கம்பியில் வந்தாக வேண்டும், இல்லையென்றால் கொள்வனவு செய்த எண்ணெயை எரித்து வந்தாக வேண்டும். உப்பு பத்துக் கிலோமீற்றரில், மின்சாரம் நாட்டின் மறுபாதியில். இடத்தைத் தெரிவு செய்தவர்கள் எளிதில் தூக்கிப் போகக்கூடிய பொருளுக்கு அருகில் ஆலையை வைத்தார்கள்.

இங்கே ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம்: சக்திதான் உயிர் என்றால், ஆனையிறவின் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்ப்போம். ஒரு கிலோ உப்பை எடுக்க ஏறத்தாழ 36 கிலோ நீரை வற்றவைக்க வேண்டும். அதற்குச் சூரியன் செலவிடும் வெப்பத்தை மின்னலகில் சொன்னால் 24 கிலோவோற்று மணி அளவு வரும். அதே ஒரு கிலோ உப்பை மின்பகுக்க இரண்டு அலகுகூடத் தேவையில்லை. அதாவது கலத்துக்குப் போவதைவிடப் பத்து மடங்குக்கு மேற்பட்ட சக்தியை வெயில் பாத்திகளில் இலவசமாகக் கொட்டிவிட்டது. என் வாதத்துக்கு எதிராக எழக்கூடியவற்றில் வலுவானது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அளவு வேறு, தரம் வேறு. நீர் ஆவியாகும்போது எந்த மூலக்கூறும் உடைவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய இழுவை மட்டுமே விடுபடுகிறது. மெதுவாக, பரந்த நிலத்தில், வெதுவெதுப்பான காற்றே அதைச் செய்துவிடும். குளோரைட்டிடமிருந்து இலத்திரனைப் பறிக்க அந்த வெப்பம் நூறு ஆண்டு காய்ந்தாலும் உதவாது. அதற்கு இரண்டு வோல்ற்றுக்கு மேற்பட்ட ஓர் அழுத்தம் ஒரே புள்ளியில் வேண்டும். ஆனையிறவுக்கு இயற்கை தாராளமாகக் கொடுத்தது மலிந்த சக்தியை. ஆலைக்குத் தேவைப்பட்டது செறிந்த சக்தி.

கடலுக்கு அப்பால் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1936இல் அதன் காலடியில் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் எழுந்தது. அங்கே உப்பு இல்லை. கடற்கரையிலிருந்து வர வேண்டும். காவிரியும் அணையின் மின்சாரமும் இருந்தன, அவற்றுக்காக உப்பு பயணம் செய்தது. கேரளத்தில் திருவிதாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ் 1951இல் நிறுவப்பட்டதும் பெரியாற்றங்கரையில்தான். பள்ளிவாசல் நீர்மின்சாரம் அதற்கு முந்திய பத்தாண்டிலேயே வந்துவிட்டது. உப்புக்கு அருகில் ஆலை வைத்து வாழ முடியாது என்றும் சொல்ல முடியாது: 1950களின் இறுதியில் திருச்செந்தூருக்குப் பக்கத்துச் சாகுபுரத்தில் தாரங்கதரா நிறுவனம் உப்பளங்களின் நடுவே எரிசோடா ஆலை வைத்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் அது தனக்கென்று மின்நிலையம் கட்டிக்கொண்டது, குளோரினைத் தின்னும் வேறு பண்டங்களையும் அதே வளவில் பெருக்கியது. பரந்தனுக்கு இந்த இரண்டாவது காரியமும் வாய்க்கவில்லை. அதுதான் கணக்கின் அடுத்த பாதி.

71க்கு 80 என்ற விகிதத்தை எந்த அமைச்சரும் சந்தையும் மாற்ற முடியாது. எரிசோடா வேண்டும் என்று கலத்தை ஓட்டினால் குளோரின் கேளாமலே வரும். எரிசோடாவுக்கு இலங்கையில் ஆளிருந்தது. தேங்காயெண்ணெய் மிகுந்த நாடு; எண்ணெயில் கொழுப்பமிலத்தைக் கிளிசரினோடு கட்டியிருக்கும் பிணைப்பை எரிசோடா அறுத்தால் சவர்க்காரம். காகிதத்துக்கும் நெசவுக்கும்கூட அது தேவை. திண்மமாகவும் கரைசலாகவும் லொறியில் ஏறும். குளோரினை அப்படி ஏற்ற முடியாது. காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமான நச்சு வாயு. அமுக்கித் திரவமாக்கி உருக்கு உருளைகளில் அடைக்க வேண்டும். கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி ஈப்ரே களத்தில் ஜேர்மன் படை திறந்துவிட்டதும் இதே உருளைகளைத்தான். ஆகவே உலகெங்கும் குளோரினை அதன் பிறப்பிடத்திலேயே வேறொரு பிணைப்புக்குள் அடைத்துவிடுவார்கள். மலேரியாவை ஒழிக்க டி.டி.டீ. வேண்டியிருந்த காலம் அது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து குளோரின் அணுக்கள். 1934–35 கொள்ளைநோயைக் கண்ட இலங்கையில் டி.டி.டீ. தெளித்த பின் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1946க்கும் 1947க்கும் இடையில் 14 அளவுக்கு இறங்கியது. அந்த இறக்கத்தில் டி.டி.டீ.யின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் பின்னர் நிறைய வாதாடினார்கள் என்றாலும் மருந்தின் தேவையை எவரும் மறுக்கவில்லை. ஆலுவாயில் இந்திய அரசு 1958இல் டி.டி.டீ. ஆலையை வைத்தபோது திருவிதாங்கூர் கொச்சி ஆலையின் பக்கத்திலேயே வைத்தது. மேட்டூரில் 1967இல் பீ.வீ.சீ. வந்தது, ஒரு தொன் பீ.வீ.சீ.யில் பாதிக்கு மேல் குளோரின். பரந்தனின் பக்கத்தில் இப்படிப் பெருவாயுள்ள அயலவர் யாரும் எழவில்லை. அமிலம், நீர் சுத்திகரிப்பு, வெளிற்றல் என்று சிறுசிறு வாய்கள்தான். குளோரினுக்கு இடமில்லாத நாளில் எரிசோடாவையும் நிறுத்த வேண்டும் என்பது இந்தத் தொழிலின் இரக்கமற்ற விதி. 1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டமும் அதன்பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அந்தக் குறையைத் தாங்கிப் பிடித்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த முட்டுக்கொடுப்புத் தளர்ந்தது.

இப்படிச் சொல்வது போரின் பொறுப்பைக் குறைப்பதாகாதா என்று கேட்கலாம். ஆலையை நிறுத்தியது போர்தான். அதில் இரண்டாம் பேச்சில்லை. 1985க்குப் பின் அந்த இடம் களமாகவே இருந்தது. 1991இல் ஆனையிறவுச் சமர், 2000 ஏப்ரலில் முகாமின் வீழ்ச்சி, 2009இன் முதல் நாட்களில் பரந்தனும் கிளிநொச்சியும் ஆனையிறவும் அடுத்தடுத்துக் கைமாறியது: இவற்றுக்கு நடுவே எந்தக் கலமும் ஓடியிராது. ஆனால் போர் ஒன்றைத்தான் காரணமாக வைத்தால் விளங்காமல் போகும் ஒரு செய்தி உண்டு. ஆலை அழிந்தும் நிறுவனம் அழியவில்லை. பரந்தன் கெமிக்கல்ஸ் கம்பனி என்ற பெயரில் அது அரச நிறுவனமாகத் தொடர்ந்து, வெளிநாட்டிலிருந்து திரவக் குளோரினைத் தருவித்து நீர்வழங்கற் சபைக்குக் கொடுத்துவருகிறது. பரந்தனில் ஒரு பிணைப்பையும் அறுக்காமல் பரந்தனின் பெயரில் வாணிபம் நடக்கிறது. தேவை சாகவில்லை, அறுக்கும் இடம் மட்டும் மாறியது, மின்சாரம் மலிந்த நாடுகளுக்கு. வந்திறங்கும் ஒவ்வோர் உருளையிலும் நாம் வாங்குவது வேறொரு நாட்டின் மின்சாரத்தைத்தான். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையின்போது, சவர்க்காரம் அரிதாகிப்போன வடக்கில் பழைய வழக்கப்படி பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். எரிசோடா விளைந்த மண்ணில் நடந்தது இது. பனம்பழத்தில் இயல்பாகவே நுரைக்கும் சப்போனின்கள் இருப்பதால் அங்கே எந்தப் பிணைப்பையும் அறுக்கத் தேவையில்லை. மரமே அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறது. அதை நம் மூதாதையரின் அறிவென்று மெச்சுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள், அவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது மீள்திறப்புப் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆனையிறவில் உப்பு மறுபடி விளைகிறது; 2025 மார்ச்சில் மேசை உப்பு ஆலையும் திறந்தாயிற்று. பேசுகிறவர்கள் 1950களின் வாசகத்தையே திரும்பச் சொல்கிறார்கள்: உப்பு பக்கத்தில் இருக்கிறது. அது அன்றும் பலவீனமான காரணம், இன்றும் அப்படியே. ஆனால் இன்னொரு காரணம் புதிதாக வந்திருக்கிறது, அதைத்தான் முன்னே வைக்க வேண்டும். ஆனையிறவுக்கு வடக்கே பளைப் பக்கம் வல்லிமுனையிலும் புலோப்பளையிலும் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. உப்பை உலர்த்திய அதே சோளகம் இப்போது இரண்டு வோல்ற்றுக்கு மேற்பட்ட வேலையையும் செய்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற் கம்பியும் மறுபடி கட்டப்பட்டுவிட்டது. மின்சாரம் தொலைவில் என்ற பழைய குறை குறைந்துகொண்டு வருகிறது. முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்: காற்று விட்டுவிட்டு வீசும், பெருங்கலங்களோ இரவும் பகலும் ஒரே சீரான ஓட்டத்தைக் கேட்கும்.

மற்றப் பாதி, 71 பங்கு, இன்னும் அப்படியே நிற்கிறது. நீர் சுத்திகரிப்புக்கு வேண்டும் என்ற பதில் உடனே வரும். கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட்டால், நாளுக்கு 10 தொன் ஆக்கும் சிறிய ஆலை 500 கோடி லீற்றருக்குப் போதும். இலங்கையின் 2.2 கோடி மக்களுக்கும் ஆளுக்கு 200 லீற்றருக்கு மேல். உலகில் இன்று இலாபத்தோடு ஓடும் பெரும்பாலான ஆலைகள் நாளுக்கு நூற்றுக்கணக்கான தொன் ஆக்குபவை. அந்த அளவில் கட்டினால் தண்ணீர் மட்டும் குளோரினைத் தீர்க்காது. கட்டாமல் விட்டால் எரிசோடா இறக்குமதி விலையோடு மல்லுக்கட்டும். இரசக் கலங்களைத் தேடி மலிவுக்குப் போகும் வழியையும் இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாற்றா உடன்படிக்கை 2025ஐ எல்லையாக வைத்து அடைத்துவிட்டது.

என் அபிப்பிராயத்தில் பரந்தனுக்குப் பொருந்துவது பழைய பெருங்கலம் அன்று, அதன் பழைய குறைபாடு. தடுப்பில்லாத கலத்தில் குளோரினும் எரிசோடாவும் சேர்ந்து வெளிற்றும் கரைசலாகிவிடும் என்று பெருந்தொழில் அஞ்சியது. நீர்நிலையங்கள் இன்று அதை வேண்டுமென்றே செய்கின்றன: உப்புக் கரைசலை ஒரு சிறு கலத்தில் ஓட்டி, பிரிந்தவற்றை அங்கேயே சேரவிட்டு, சோடியம் ஐப்போகுளோரைற்றாகத் தண்ணீரில் சொட்டவிடுகிறார்கள். அமுக்கிய வாயு இல்லை, உருளை இல்லை, கப்பல் இல்லை, 71க்கு 80 என்ற பொருத்தப் பிரச்சினையும் இல்லை. ஒரு கிலோ குளோரினுக்கு ஈடான கரைசலுக்கு மூன்று, மூன்றரைக் கிலோ உப்பும் ஐந்து அலகுக்குள் மின்சாரமும் செலவாகும். பெருங்கலத்தோடு ஒப்பிட்டால் இது ஊதாரித்தனம். காற்று வீசும் நேரத்தில் ஓட்டித் தொட்டியில் நிரப்பி, ஓய்ந்த நேரத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பது அதற்குக் கிடைக்கும் சலுகை. கல்சியமும் மக்னீசியமும் நீங்கிய சுத்தமான உப்பு மட்டும் தவறாமல் வேண்டும், இல்லாவிட்டால் முனைகளில் சுண்ணாம்பு படிந்து கலம் அடைத்துக்கொள்ளும். அப்படிச் சுத்தம் செய்த உப்பை மூடையில் கட்டி, கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள நீர்நிலையங்களுக்கு அனுப்பும் ஒரு கூடமாகப் பரந்தன் தொடங்கினால், அங்கே முதலில் தேவைப்படுவது கலவறையன்று, உவர்நீரைத் தெளியவைக்கும் நான்கைந்து தொட்டிகளும் ஒரு பரிசோதனைக்கூடமும்தான்.